செயல் முந்தியது, சட்டம் பிந்தியது
(திருச்சி வாசகர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பல தொழில் பார்த்துவிட்டு அரசியல் சீர்திருத்தத்துக்கு வந்து சேர்ந்தவர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம்ம ஊரில் அப்படிப்பட்ட ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. வரகனேரியிலிருந்து புறப்பட்ட வ.வே.சு. ஐயர் ரங்கூனில் வக்கீல் தொழில் செய்தார், லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்தார், புதுச்சேரியில் தலைமறைவாக இருந்தார், 'தேசபக்தன்' நடத்தினார், கம்பனை ஆராய்ந்தார், கடைசியில் குருகுலம் கட்டினார். ஒரு ஆயுளுக்குள் இத்தனை. ஆனால் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பாராட்டிவிட்டு இறங்குவதற்கு நான் வரவில்லை. இரண்டு பேரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பேருமே ஸ்ரீரங்கத்துக்காரர்கள். ஒருவர் டாக்டர், இன்னொருவர் எஞ்சினியர். டாக்டர் தி.சே.சௌ. ராஜன், எஸ். ரங்கராஜன் என்கிற சுஜாதா.

இந்த இருவரையும் ஒரே மூச்சில் யாரும் சொல்வதில்லை. நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இருவரும் சம்பந்தப்பட்ட காரியங்களில் செயல் முதலில் நடந்தது, சட்டம் பின்னால் வந்தது. ஒரு இடத்தில் சட்டம் ஓடிவந்து செயலைக் காப்பாற்றியது. இன்னொரு இடத்தில் சட்டம் வந்து சேராததால் செயலையே நீதிமன்றம் செல்லாது என்றது. சீர்திருத்தம் பேசுகிறவர்கள் பாடம் படிக்க இதைவிட நல்ல ஜோடி எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் டாக்டர். ராஜன் 1880-இல் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். ராயபுரம் மருத்துவப் பள்ளியில் படித்தார், பர்மாவில் வைத்தியம் பார்த்தார், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் மேல்படிப்புக்கு லண்டன் போனார். போன இடத்தில் படிப்போடு நிற்கவில்லை. அங்கே புரட்சிக்காரர்கள் கூடிய இந்தியா ஹவுஸ், சாவர்க்கர், நம்ம வ.வே.சு. ஐயர். 1909-இல் விஜயதசமிக்கு லண்டன் இந்தியர்கள் ஒரு விருந்து ஏற்பாடு செய்தார்கள். சமையல் இவர்கள் கையில். அன்று சமையல்கட்டில் ஒல்லியான ஒரு மனிதர் வந்து, கேட்காமலே காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் உட்கார்ந்துவிட்டார். யாரோ உதவிக்கு வந்த ஆள் என்று இவர்களும் வேலை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஐயர் வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, அன்றைய விருந்துக்குத் தலைமை தாங்க வந்த காந்தி அவர் என்று. டாக்டர் ராஜன் பின்னாளில் 'நினைவு அலைகள்' என்று சுயசரிதை எழுதினார். அதைப் படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள். டாக்டருக்கு எழுதவும் வரும் என்பது தெரியும்.

இந்தச் சமையல்கட்டை நான் இழுத்துச் சொல்வதற்குக் காரணம், பதினைந்து வருஷம் கழித்து நடந்த இன்னொரு சாப்பாட்டு விவகாரம். சேரன்மாதேவி குருகுலம். வெள்ளைக்காரனுக்கு அஞ்சாத வ.வே.சு. ஐயர், இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட அனுமதித்தார். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். தமிழ்நாட்டு அரசியலே அதில் பிளந்தது. விருந்துக்குத் தலைமை தாங்க வந்தவர் பாத்திரம் கழுவியதைக் கண்ணால் பார்த்தவர் ஐயர். பந்தி என்று வந்தபோது அந்தக் காட்சி அவருக்கு உதவவில்லை. தனிப்பட்ட வீரம் வேறு, ஊர் வழக்கத்தை மாற்றுவது வேறு. ஐயர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அதனால்தான் இதை மறைக்காமல் சொல்கிறேன்.

ராஜன் திருச்சிக்கு வந்து டாக்டராகப் பேர் வாங்கினார். காங்கிரஸிலும் இருந்தார். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை கிளம்பியது, கன்டோன்மென்டில் இருந்த ராஜன் வீட்டிலிருந்துதான். ஏறக்குறைய நூறு தொண்டர்கள், பதினைந்து நாள் நடை. தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் என்ன உத்தரவு போட்டார் தெரியுமா? நடந்து போகிறவர்களை அவர் தடுக்கவில்லை. அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்கும் தங்க இடம் கொடுக்கிறவர்களுக்கும் தண்டனை என்றார். விவரம் தெரிந்த கலெக்டர்! அதற்குத் தஞ்சை ஜில்லாக்காரர்கள் கண்டுபிடித்த பதில், மரக்கிளையில் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டித் தொங்கவிடுவது. போட்டது யார் என்று கேட்டால் மரம்தான் சாட்சி. உத்தரவு எழுதியபடியே இருந்தது, மீறவும் பட்டது.

ராஜன் ஜெயிலுக்கும் போனார், டெல்லி மத்திய சட்டசபைக்கும் போனார். 1937-இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும் பொதுச் சுகாதாரத்தையும் அறநிலையத்தையும் இவரிடம் கொடுக்க விரும்பினார். ஒரு சிக்கல்: ராஜன் அப்போது சட்டசபையிலும் இல்லை, மேல்சபையிலும் இல்லை. ராஜாஜி சிபாரிசு செய்ய, கவர்னர் மேல்சபைக்கு நியமித்தார், அமைச்சரானார். அன்றைக்கே இதற்கு எதிர்ப்பு இருந்தது. ஓட்டு வாங்காமல் அமைச்சரா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1952-இல் ராஜாஜியே இதே வழியாக மேல்சபைக்குப் போய் முதலமைச்சரானபோது அந்தக் கேள்வி இன்னும் பலமாக எழுந்தது. சீர்திருத்தக்காரர்கள் வாசல் வழியாகத்தான் வந்தார்கள் என்று எப்போதும் சொல்ல முடியாது. நல்ல மனிதர் என்பதற்காக அதை நாம் மறக்க வேண்டியதில்லை.

அறநிலையம் அவர் கையில் இருந்த காலத்தில்தான் ஆலயப் பிரவேசம் பெரிய விஷயமாக எழுந்தது. 1938-இல் தாழ்த்தப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜா, கோயிலுக்குள் எல்லாரும் போக வழிசெய்யும் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். ராஜாஜி அதை ஆதரிக்கவில்லை. அதற்குப் பதிலாக மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அதிலும் சாதி இந்துக்களின் கருத்தை வாக்கெடுப்பில் கேட்ட பிறகுதான் கோயில் திறக்கும். உள்ளே போக வேண்டியவனிடம் கேள்வி இல்லை. ஏற்கனவே உள்ளே இருக்கிறவனிடம் சம்மதம் கேட்பது. எம்.சி. ராஜாவுக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மதுரையில் காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர் காத்திருக்கவில்லை. 1939 ஜூலை 8-ஆம் தேதி மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்ட ஐந்து தாழ்த்தப்பட்டவர்களையும் ஒரு நாடாரையும் அழைத்துக்கொண்டு போனார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு தடுக்கவில்லை. அந்தக் கக்கன்தான் பின்னாளில் இந்த மாநிலத்தின் போலீஸ் அமைச்சர். போனவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். இப்போது சட்டச் சிக்கல். வழக்கத்தை மீறி உள்ளே விட்டதற்கு அதிகாரி மேலும், போனவர்கள் மேலும் வழக்கு வரும். பட்டர்களில் ஒரு பகுதியினர் கோயில் தீட்டுப்பட்டது என்று பூஜைக்கே மறுத்தார்கள். அரசாங்கம் என்ன செய்தது? சில நாட்களிலேயே அவசரச் சட்டம். பிறகு முழுச் சட்டமும் வந்தது. அதன் பெயரிலேயே 'அனுமதி'யும் இருந்தது, 'காப்பு'ம் இருந்தது. இனிமேல் கோயில்களைத் திறக்கலாம் என்பது அனுமதி. ஏற்கனவே திறந்துவிட்டவர்களுக்குத் தண்டனை இல்லை என்பது காப்பு. நடந்து முடிந்ததை முன்தேதியிட்டுச் சரியாக்கிய சட்டம்.

அந்தத் துறையின் அமைச்சர் ரங்கநாதர் கோயில் மதிலுக்குள் பிறந்து வளர்ந்தவர் என்பதை யோசித்துப் பார்க்கிறேன். ஸ்ரீரங்கத்தில் ஒவ்வொரு பிராகாரமும் யார் எதுவரை வரலாம் என்பதற்கு ஒரு கோடு. அந்தக் கோடுகளை வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கோயிலுக்குள் நுழைவது நிர்வாக விஷயம் மட்டுமல்ல என்று தெரிந்திருக்கும்.

சரி, இனி எஞ்சினியரிடம் வருவோம்.

சுஜாதா பிறந்தது 1935-இல் திருவல்லிக்கேணியில். அப்பாவுக்கு அடிக்கடி மாற்றல் வந்ததால் பாட்டியிடம் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தார். கீழச்சித்திரை வீதி, 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' எல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த அவையில் பாதிப் பேர் அந்தக் கதைகளில் வருகிற யாருக்காவது சொந்தக்காரராக இருப்பீர்கள். செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல். அப்துல் கலாம் படித்த அதே காலம். அவருடைய முதல் கதையை அச்சிட்டதும் திருச்சிதான், திருலோக சீதாராமின் 'சிவாஜி' பத்திரிகை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல். பிறகு சிவில் விமானப் போக்குவரத்துத் துறையில் பல ஆண்டுகள், அதன் பிறகு பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ். நடுவில் கதை, நாடகம், சினிமா, அறிவியல் கட்டுரை, பத்தி. 'கணையாழி' கடைசிப் பக்கத்திலும் பிறகு 'கற்றதும் பெற்றதும்' தொடரிலும் அவர் தொடாத பொது விஷயம் கிடையாது. ஆனால் அரசியல் சீர்திருத்தத்துக்கு அவர் செய்த பெரிய காரியம் பேனாவில் நடந்தது அல்ல, சால்டரிங் கம்பியில் நடந்தது.

வாக்கு இயந்திரத்தைச் சுஜாதாதான் கண்டுபிடித்தார் என்று மேடையில் சொன்னால் இங்கே கைதட்டல் கிடைக்கும். அது முழு உண்மை இல்லை. 1977-இல் தலைமைத் தேர்தல் ஆணையர் ஷக்தர் இந்த யோசனையை எழுப்பினார். ஹைதராபாத்தில் இருக்கும் ஈ.சி.ஐ.எல். 1979-இல் மாதிரி ஒன்றைச் செய்தது. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இதில் இறங்கியது. அங்கே இதற்குப் பொறுப்பாக நின்றவர்களில் முக்கியமானவர் ரங்கராஜன். இந்தப் பணிக்காக அவருக்கு வாஸ்விக் விருதும் கிடைத்தது. கூட்டு வேலையில் ஒருவருடைய பங்கைச் சரியாகச் சொன்னால் அவர் குறைந்துபோக மாட்டார்.

அந்த இயந்திரத்தின் அருமை தெரிய வேண்டுமென்றால் அதற்கு முந்தைய காலத்தில் தேர்தல் பணிக்குப் போயிருக்க வேண்டும். கல்லூரி ஆசிரியனாக நானும் போயிருக்கிறேன். வாக்குச்சீட்டை முதலில் நீளவாக்கில் மடிக்க வேண்டும், பிறகுதான் குறுக்கே. தலைகீழாக மடித்தால் முத்திரை மை எதிரே இருக்கும் சின்னத்தில் ஒட்டிக்கொள்ளும்; எண்ணும் மேஜையில் சண்டை ஆரம்பம். சில சீட்டில் முத்திரை இரண்டு சின்னத்துக்கு நடுவே கோட்டில் விழுந்திருக்கும். கட்சி ஏஜெண்டுகள் பூதக்கண்ணாடி கேட்காத குறை. சிலர் முத்திரைக்குப் பதில் கட்டைவிரல் ரேகை வைத்திருப்பார்கள். பாவம், அவர்கள் வாழ்க்கையில் அரசாங்கம் நீட்டிய காகிதம் எல்லாவற்றிலும் அதைத்தான் கேட்டது. அந்த ஓட்டுகள் எல்லாம் செல்லாதவை. ஓட்டுப்போட வரிசையில் நின்றவருடைய ஓட்டு, மடிக்கத் தெரியாததால் குப்பைக்குப் போனது. இயந்திரம் இதை ஒரு நீலப் பொத்தானாலும் ஒரு 'பீப்' சத்தத்தாலும் முடித்துவிட்டது. நிமிடத்துக்கு ஐந்து ஓட்டுக்கு மேல் பதிவாகாது என்பது இன்னொரு ஏற்பாடு. சாவடியைக் கைப்பற்றி முத்திரை குத்தித் தள்ளிய கூட்டத்துக்கு அதன் அர்த்தம் நன்றாகப் புரிந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1982 மே 19. கேரளாவில் பரூர் சட்டமன்றத் தொகுதி. ஐம்பது சாவடியில் முதன்முறையாக இயந்திரம். அப்போது சட்டத்தில் இயந்திரம் என்ற பேச்சே இல்லை. தேர்தல் ஆணையம் தன் அரசியல் சாசன அதிகாரத்தை வைத்துத் துணிந்து இறங்கியது. இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை, இயந்திரம் கூடாது என்று தேர்தலுக்கு முன்பே கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். தேர்தலில் 123 ஓட்டில் ஜெயித்தார்! உடனே எதிர்த்து நின்ற காங்கிரஸ்காரர் ஏ.சி. ஜோஸ், அதே இயந்திரத்தைக் காட்டிக் கோர்ட்டுக்குப் போனார். இப்போது சிவன் பிள்ளை இயந்திரத்தின் பக்கம். சொக்கட்டானில் காய் மாற்றி வைத்த மாதிரி.

1984 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இயந்திரத்தில் கோளாறு என்று அது சொல்லவில்லை. சட்டமும் விதியும் வாக்குச்சீட்டு என்று சொல்லும்போது ஆணையம் தன் இஷ்டத்துக்கு வேறு முறை கொண்டுவர முடியாது என்றது. அந்த ஐம்பது சாவடியிலும் சீட்டில் மறுவாக்குப்பதிவு. ஜோஸ் ஜெயித்தார். இயந்திரங்கள் கிடங்குக்குப் போயின. 1988 டிசம்பரில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61-ஏ என்ற பிரிவைச் சேர்த்த பிறகுதான் அவை மறுபடி வெளிச்சத்தைப் பார்க்க முடிந்தது. அப்போதும் மறுபடி தேர்தலுக்கு வர 1998 ஆயிற்று. தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தல் முழுக்க இயந்திரத்தில் நடந்தது. அந்தத் தேர்தலுக்கு முன் இயந்திரத்தை நம்ப முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் போன கட்சி அ.தி.மு.க.; அதே இயந்திரத்தில் ஆட்சியைப் பிடித்த கட்சியும் அ.தி.மு.க.தான். 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க வந்துவிட்டது.

மதுரையையும் பரூரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் துணிந்தவர்கள் முதலில் செய்தார்கள். மதுரையில் சட்டம் செய்யும் கை, காரியம் செய்தவர்களின் பக்கம் தயாராக நின்றது. சில நாட்கள். பரூரில் எஞ்சினியர்கள் தயார், ஆணையம் தயார், நாடாளுமன்றம் தயாராக இல்லை. ஆறரை வருஷம். இயந்திரம் செய்வது கஷ்டம், சட்டத் திருத்தம் சுலபம் என்று நினைக்கிறோம். நடந்தது நேர்மாறு.

நடுவில் ஈரோட்டு மொடக்குறிச்சியைச் சொல்லாமல் போக முடியாது. 1996-இல் அந்த ஒரே தொகுதியில் 1,033 வேட்பாளர்கள். தங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் கூட்டமாக மனுத்தாக்கல் செய்த வேலை. வாக்குச்சீட்டு புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று, தேர்தலே தள்ளிப்போனது. அந்த ஆண்டே சட்டம் பாய்ந்தது: சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000, மக்களவைக்கு 500-லிருந்து 10,000. விவசாயிகளின் குறை தீர்ந்ததா என்று கேட்காதீர்கள். மனுப்போடுகிறவர்களைக் குறைப்பதற்குச் சட்டத்துக்கு ஆறு வருஷம் தேவைப்படவில்லை.

இந்த இயந்திரத்தைப் பற்றி ஊரெல்லாம் ஒரே சண்டை: ஹேக் செய்யலாமா, முடியாதா. 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, ஓட்டுப் போட்டதும் ஏழு விநாடி கண்ணாடிக்குள் சீட்டைக் காட்டும் கருவி வந்தது. 2024-இல் எல்லாச் சீட்டையும் எண்ணச் சொன்ன மனுக்கள் தள்ளுபடி ஆயின. அந்தச் சண்டை நடக்கட்டும். அதன் இரைச்சலில் யாரும் கவனிக்காத ஒரு விஷயத்தை நான் இங்கே வைக்கிறேன். எனக்கு அதுதான் முக்கியம்.

சீட்டுக் காலத்தில் பல தொகுதிகளில், எண்ணுவதற்கு முன்னால் பல சாவடிகளின் சீட்டுகளைப் பெரிய டிரம்மில் கொட்டிக் கலந்துவிடுவார்கள். எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று ஒரு கட்சிக்காரனுக்கும் தெரியாது. இயந்திரம் வந்தபோது டிரம் போய்விட்டது. இப்போது ஒவ்வொரு சாவடிக்கும் தனிக் கணக்கு, பத்தொன்பதாவது சுற்றில் எந்தப் பள்ளிக்கூடம் காலை வாரியது என்று ஏஜெண்ட் அங்கேயே குறித்துக்கொள்கிறார். ஒரு சாவடி என்பது நாலு தெரு, அல்லது ஒரு காலனி, அல்லது ஆற்றோரம் ஒரு குக்கிராமம். நீங்கள் தனியாகப் போட்டது ரகசியம். உங்கள் காலனி சேர்ந்து போட்டது பகிரங்கம். 2019-இல் மேனகா காந்தி பிரசாரக் கூட்டத்தில் இதை வாய்விட்டே சொன்னார்: ஓட்டு விழுந்த சதவீதத்தை வைத்து ஊர்களை ஏ, பி, சி, டி என்று பிரித்து அந்த வரிசையில்தான் வேலை நடக்கும் என்று. தேர்தல் ஆணையம் கண்டித்தது. மற்றவர்கள் அதை மேடையில் சொல்லாமல் செய்கிறார்கள். அவர்களைக் கண்டிக்க யாருக்கும் வழியில்லை.

டோட்டலைசர் என்று ஒரு கருவி இருக்கிறது. பதினான்கு சாவடி இயந்திரங்களை ஒன்றாக இணைத்து மொத்தக் கணக்கை மட்டும் சொல்லும். தொலைந்துபோன டிரம்மின் மின்னணு வடிவம் அது. தேர்தல் ஆணையம் 2008-இலேயே இதற்கு அனுமதி கேட்டது. சட்ட ஆணையம் 2015-இல் தன் 255-ஆவது அறிக்கையில் ஆதரித்தது. மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தது. எந்தச் சாவடியில் எவ்வளவு என்று தெரிந்தால் எங்கே நன்றாக வேலை செய்ய வேண்டும் என்று கட்சிகளுக்குப் புரியுமாம். அந்த வாதத்தைப் படித்தபோது, மலபாரில் கோயிலைத் திறக்கலாமா என்று உள்ளே இருப்பவர்களிடம் கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது. தோற்ற காலனிக்காரனிடம் யாராவது கேட்டார்களா?

டாக்டர் ராஜன் காலத்தில் தெருவில் துணிந்தால் போதும், சட்டம் பின்னால் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. வாக்கு எண்ணும் மேஜையில் அப்படித் துணிய முடியாது. கருவி தயாராக இருக்கிறது என்பதற்காக ஆணையம் தானாகப் பொருத்தினால் பரூர்தான் மறுபடி நடக்கும். தோற்ற வேட்பாளர் மறுநாளே வழக்குப் போடுவார், ஜெயிப்பார். ஆகவே சட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும், அந்த வழி நீளமும் இல்லை. நாடாளுமன்றத்தைக் கூட்டி மசோதா நிறைவேற்ற வேண்டியதில்லை. 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் எண்ணிக்கை பற்றிய விதியைத் திருத்தினால் போதும். அந்த விதிகளைச் செய்வது மத்திய அரசு, தேர்தல் ஆணையத்தைக் கலந்துகொண்டு. ஆணையம்தான் கேட்டுக்கொண்டு நிற்கிறதே!

இந்த அவையில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், திருச்சி பெல் ஆலையில் ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறீர்கள், பத்திரிகையில் எழுதுகிறவர்கள் இருக்கிறீர்கள். அடுத்த முறை வேட்பாளர் யாராவது அம்மா மண்டபத்துப் பக்கமோ தெப்பக்குளத்துப் பக்கமோ கைகூப்பிக்கொண்டு வரும்போது, சாலை போடுவீர்களா என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள்: எங்கள் தெரு யாருக்குப் போட்டது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்க ஒரு விதியைத் திருத்துவீர்களா?